ஓலை நாயகம் முதல் இ-சேவை வரை: நம் ஊர்க் கணக்கின் கதை

இது கொஞ்சம் நீளமான பதிவு. ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு முடிந்து நிதானமாகப் படியுங்கள்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. ஜெயங்கொண்டத்தில் ஒரு கூட்டுக் குடும்பம். அந்த வீட்டில் 1994, 1997, 2001, 2004, 2009 ஆகிய ஆண்டுகளில் ஐந்து பிள்ளைகள் பிறக்கிறார்கள். வீடு அதே வீடு, தெரு அதே தெரு. ஐந்து பேரின் பிறப்புச் சான்றிதழிலும் மாவட்டம் என்னவென்று இருக்கும்?

1994-இல் பிறந்த பிள்ளைக்குத் திருச்சிராப்பள்ளி மாவட்டம். 1995-இல் திருச்சியைப் பிரித்துப் பெரம்பலூர் மாவட்டமும் கரூர் மாவட்டமும் வந்தன. ஆகவே 1997 பிள்ளைக்குப் பெரம்பலூர். 2001 ஜனவரி 1 அன்று அரியலூர் தனி மாவட்டம் ஆனது. ஆகவே 2001 பிள்ளைக்கு அரியலூர். 2002 மார்ச் 31-இல் அந்த மாவட்டத்தைக் கலைத்து மறுபடியும் பெரம்பலூரோடு சேர்த்தார்கள். 2004 பிள்ளைக்குப் பெரம்பலூர். 2007 நவம்பர் 23-இல் அரியலூர் மீண்டும் பிரிந்தது. 2009 பிள்ளைக்கு அரியலூர். பதினைந்து வருடத்தில் ஒரு வீடு, நகராமலேயே, நான்கு முறை மாவட்டம் மாறிவிட்டது.

நமக்கு இது டீக்கடையில் பேசிச் சிரிக்கிற விஷயம். ஆனால் அரசாங்கக் கணினியில் இந்த ஐந்து பிள்ளைகளையும் ஒரே குடும்ப அட்டையில் காட்ட வேண்டிய மென்பொருள் பொறியாளருக்கு இது ஒரு வார வேலை. "மாவட்டம்" என்ற கட்டத்தில் அன்றைய பெயரைப் போடுவதா, இன்றைய பெயரைப் போடுவதா? இன்றைய பெயரைப் போட்டால் கையிலிருக்கும் காகிதத்தோடு ஒத்துப்போகாது. அன்றைய பெயரைப் போட்டால் இன்றைய தாலுகா அலுவலகத்தின் பட்டியலில் அந்தப் பிள்ளையே வரமாட்டான். இதற்காகத்தான் மத்திய அரசின் பஞ்சாயத்து ராஜ் அமைச்சகம் மாவட்டம், தாலுகா, கிராமம் ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்து ஒரு பொதுப் பட்டியல் வைத்திருக்கிறது. பெயரும் எல்லையும் மாறினாலும் எண்ணை வைத்து ஊரைக் கண்டுபிடித்துவிடலாம்.

என்னிடம் ஐந்தாம் வகுப்புப் படித்த ஒருவர் இப்போது சென்னையில் அரசுத் துறைகளின் பழைய கணினி முறைகளைப் புதுப்பிக்கும் வேலையில் இருக்கிறார். போன மாதம் போன் செய்தார். "சார், புதுசா எழுதுறது சுலபம் சார். பழசு ஏன் அப்படி இருக்குன்னு புரிஞ்சுக்கிறதுதான் கஷ்டம். நம்ம ஊர்ல கம்ப்யூட்டர் வர்றதுக்கு முன்னாடி கணக்கெல்லாம் எப்படி சார் இருந்துச்சு?" என்று கேட்டார். பத்து நிமிடத்தில் சொல்ல முடியவில்லை. அவருக்குச் சொல்ல நினைத்ததை எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

கங்கைகொண்ட சோழபுரத்தில் ஓர் அலுவலகம்

கங்கைகொண்ட சோழபுரம் என்றால் நமக்குக் கோயிலும் நந்தியும் நினைவுக்கு வரும். உங்களில் பலரைப் பள்ளிச் சுற்றுலா அழைத்துப்போன இடம். ஆனால் முதலாம் இராசேந்திரன் காலத்திலிருந்து அது ஒரு பேரரசின் தலைநகரம். தலைநகரம் என்றால் அலுவலகங்கள் இருந்திருக்கும் அல்லவா?

சோழர் கல்வெட்டுகளிலும் செப்பேடுகளிலும் "புரவுவரித் திணைக்களம்" என்ற பெயர் வருகிறது. இன்றைய வருவாய்த்துறை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கிராமத்தைத் தானமாகக் கொடுக்க அரசர் ஆணையிட்டால் அது உடனே நடந்துவிடாது. அரசர் வாயால் சொன்னதைக் கேட்டு எழுதுபவர் ஒருவர். அவர் எழுதியது சரிதானா என்று பார்த்து ஒப்புக்கொள்பவர் ஓலை நாயகம். பிறகு அது திணைக்களத்துக்கு வரும். அங்கே வரிப்பொத்தகம், முகவெட்டி, வரியிலிடு என்று பல பொறுப்பில் இருந்தவர்கள் கூடி இருந்து கணக்கில் ஏற்றுவார்கள். அதன் பிறகு ஓலை ஊருக்குப் போகும். ஊரார் முன்னிலையில் பெண் யானையை எல்லையைச் சுற்றி நடக்கவிட்டு, கல்லும் கள்ளியும் நட்டு எல்லை காட்டுவார்கள். அதை நாட்டார் எழுதிக் கையெழுத்திட்டுத் திருப்பி அனுப்புவார்கள். இராசராசன் நாகப்பட்டினத்துப் புத்த விகாரத்துக்கு ஆனைமங்கலத்தைக் கொடுத்ததைச் சொல்லும் செப்பேட்டிலும், இராசேந்திரனின் திருவாலங்காட்டுச் செப்பேட்டிலும் இந்த நடைமுறையை விரிவாகப் பார்க்கலாம்.

இன்று நீங்கள் இ-சேவை மையத்தில் சாதிச் சான்றிதழுக்கு விண்ணப்பித்தால் என்ன நடக்கிறது? விண்ணப்பம் கிராம நிர்வாக அலுவலருக்குப் போகிறது, பிறகு வருவாய் ஆய்வாளருக்கு, பிறகு வட்டாட்சியர் அலுவலகத்துக்கு. ஒருவர் எழுத, இன்னொருவர் சரிபார்க்க, மூன்றாமவர் ஒப்பமிட, கணக்கில் ஏறுகிறது. ஆயிரம் வருடத்தில் ஓலை காகிதமாகிக் காகிதம் கணினித் திரையாகிவிட்டது. ஆனால் ஒருவர் கையிலேயே முழு அதிகாரத்தையும் விடக்கூடாது என்ற ஏற்பாடு அப்படியே இருக்கிறது. என் மாணவருக்கு இதைச் சொன்னபோது, "சார், இதைத்தான் நாங்க வொர்க்ஃப்ளோன்னு சொல்றோம்" என்றார்.

அக்காலத்து அளவையையும் சொல்ல வேண்டும். வேலி, மா, காணி, முந்திரி என்று பின்னம் பின்னமாக நிலத்தை அளந்தார்கள். முந்திரி என்றால் 320-இல் ஒரு பங்கு. கீழ்முந்திரி என்றால் அந்த முந்திரியிலும் 320-இல் ஒரு பங்கு. திண்ணைப் பள்ளியில் எண்சுவடி என்று பிள்ளைகளை மனப்பாடம் செய்ய வைத்தது இதைத்தான். கணக்கெழுதும் வேலைக்கு அந்தக் கல்வி வேண்டியிருந்தது.

ஜமீனும் கர்ணமும்

அடுத்துப் பெரிய மாற்றம் ஆங்கிலேயர் காலத்தில். 1820 முதல் 1827 வரை சென்னை கவர்னராக இருந்த தாமஸ் மன்றோ பெயரோடு சேர்த்துப் பேசப்படுவது ரயத்துவாரி முறை. உழுபவனோடு சர்க்கார் நேரடியாகக் கணக்கு வைத்துக்கொள்ளும் முறை அது. அதற்கு ஒவ்வொரு வயலையும் அளந்து எண் கொடுக்க வேண்டும். நாம் சர்வே நம்பர் என்று சொல்வது அங்கிருந்து வந்ததுதான்.

ஆனால் நம் பகுதியில் எல்லா ஊரும் ஒன்றுபோல் இல்லை. உடையார்பாளையமும் அரியலூரும் பாளையங்களாக இருந்து ஜமீன்களானவை. ஜமீன் ஊர்களில் குடியானவன் கிஸ்தி கட்டியது ஜமீனுக்கு. 1948-ஆம் ஆண்டு ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்த பிறகுதான் அப்படிப்பட்ட ஊர்களைச் சர்க்கார் எடுத்துக்கொண்டு, அளந்து, ரயத்துவாரிப் பட்டா கொடுத்தது. பக்கத்துப் பக்கத்து ஊர்களிலேயே ஒரு ஊரின் கணக்கு ஒரு மாதிரியும் அடுத்த ஊரின் கணக்கு வேறு மாதிரியும் வந்து சேர்ந்ததற்கு இது ஒரு காரணம்.

ஊர்க்கணக்கை வைத்திருந்தவர் கர்ணம். நாம் கணக்குப்பிள்ளை என்போம். பெரும்பாலும் பரம்பரையாக வந்த வேலை. அடங்கல், சிட்டா, அ-பதிவேடு எல்லாம் அவர் பொறுப்பு. எந்தச் சர்வே நம்பரில் யார் என்ன பயிர் வைத்தார் என்பது அடங்கல். யாருக்கு எவ்வளவு நிலம், எவ்வளவு தீர்வை என்பது சிட்டா. இந்தக் கணக்குக்கு வருடம்கூடத் தனி. பசலி ஆண்டு என்று பெயர். அக்பர் காலத்தில் வந்த அந்த ஆண்டு நம் தாலுகா அலுவலகங்களில் இன்னும் ஓடுகிறது. ஜூலை 1-இல் தொடங்கும். 2024 ஜூலையில் தொடங்கியது 1434-ஆம் பசலி. வருடா வருடம் மே, ஜூன் வாக்கில் நடக்கும் ஜமாபந்தியில் ஊர்க்கணக்கை மேலதிகாரி முன் வைத்துச் சரிபார்க்க வேண்டும். மென்பொருள் எழுதும் பிள்ளைகளே, உங்கள் நிரலில் தேதிக்கான கட்டம் ஜனவரியில் தொடங்கும். கல்விக்கு ஜூன், வரவு செலவுக்கு ஏப்ரல், நிலத்துக்கு ஜூலை. ஒரே அரசாங்கத்தில் நான்கு புத்தாண்டுகள்.

கர்ணத்துக்கு ஊரே தெரியும். கண்ணை மூடிக்கொண்டு எந்த வரப்பு யாருடையது என்று சொல்லிவிடுவார். அதுதான் அவர் பலம், அதுதான் ஆபத்தும். அவர் எழுதினால் உண்டு, எழுதாவிட்டால் இல்லை. படிக்கத் தெரியாத குடியானவன், முக்கியமாகத் தாழ்த்தப்பட்ட தெருவில் இருந்தவன், அவர் திண்ணைக்குக் கீழே கைகட்டி நின்றுதான் தன் நிலத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள முடியும். கணக்கு அவர் வீட்டுப் பெட்டியில் இருந்தது.

1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு ஓர் அவசரச் சட்டத்தால் இந்தப் பகுதி நேரக் கிராம அலுவலர் பதவிகளை ஒழித்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1982-இல் நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லும் என்றது. பிறகு தேர்வெழுதி வந்த கிராம நிர்வாக அலுவலர்கள் அந்த இடத்துக்கு வந்தார்கள். எந்தச் சாதிப் பிள்ளையும் படித்துத் தேர்வெழுதினால் ஊர்க்கணக்கை எழுதலாம் என்று ஆனது. நம் ஊர்களில் நடந்த பெரிய நிர்வாக மாற்றம் என்று நான் இதைத்தான் சொல்வேன். அதில் கணினியே கிடையாது.

அதே சமயத்தில் இன்னொரு வேலையும் நடந்துகொண்டிருந்தது. 1979 முதல் 1987 வரை நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டம். யு.டி.ஆர். என்றால் எல்லோருக்கும் தெரியும். பழைய பட்டாவில் செத்துப்போன தாத்தா பெயரே இருக்க, பேரன் உழுதுகொண்டிருந்தான். யார் அனுபவத்தில் இருக்கிறதோ அதைப் பார்த்துக் கணக்கைப் புதுப்பித்தார்கள். ஏக்கர், செண்ட் என்று இருந்தது ஹெக்டேர், ஏர் ஆனது. நல்ல நோக்கம். ஆனால் வேலை நடந்த வேகத்தில் பெயர் மாறியது, பரப்பு குறைந்தது, ஒருவர் நிலம் இன்னொருவர் பெயரில் ஏறியது என்று பிழைகளும் சேர்ந்துகொண்டன. "யு.டி.ஆர். பிழை" என்று ஒரு சொல்லே உண்டாகிவிட்டது. அந்தப் பிழைகளைத் திருத்தக் கேட்டு இன்றும் மக்கள் மனுவோடு அலைகிறார்கள். கணினிக்குள் போனது இந்தக் கணக்குதான் என்பதை நினைவில் வையுங்கள்.

ஆட்சியர் அலுவலகத்தில் ஒரு சிறிய அறை

1976-இல் மத்திய அரசு தேசியத் தகவலியல் மையத்தைத் தொடங்கியது. என்.ஐ.சி. என்பார்கள். அதை வளர்த்தெடுத்தவர் நரசிம்மையா சேஷகிரி. 1980-களின் பிற்பகுதியில் செயற்கைக்கோள் வழியாக நிக்நெட் என்ற வலைப்பின்னலை உண்டாக்கி மாவட்டத் தலைநகரங்களை டெல்லியோடு இணைத்தார்கள். டிரங்க் கால் போட்டுவிட்டுக் காத்திருந்த காலம் அது. அந்த வழியில்தான் ஆட்சியர் அலுவலகங்களில் மாவட்டத் தகவலியல் அலுவலர் என்ற பதவி வந்தது. பெரிய அலுவலகத்தின் ஒரு மூலையில் சிறிய அறை, குளிர்சாதன வசதி, செருப்பைக் கழற்றி விட்டுத்தான் உள்ளே போக வேண்டும். உங்களில் சிலர் பார்த்திருப்பீர்கள்.

அடுத்த முட்டுக்கட்டை தமிழ். ஆங்கிலத்துக்காகச் செய்த பெட்டியில் "கருப்பாயி த/பெ சின்னப்பிள்ளை" என்று எப்படி எழுதுவது? சி-டாக் நிறுவனத்தின் ஜிஸ்ட் அட்டையைப் பொருத்தினால் இந்திய எழுத்துகள் வந்தன. பிறகு எழுத்துருக்கள் பெருகின. ஆனால் ஒவ்வொன்றிலும் விசைக்கு அடியில் ஒவ்வோர் எழுத்து. ஓர் அலுவலகத்தில் அடித்ததை இன்னொரு அலுவலகத்தில் திறந்தால் புள்ளியும் கோடுமாகத் தெரியும். அந்த எழுத்துருக்களில் கணினிக்குள் இருந்தது உண்மையில் ஆங்கில எழுத்து. மேலே தமிழ் வடிவம் போர்த்தியிருந்தது, அவ்வளவுதான். அதனால் அகரவரிசைப்படி அடுக்க முடியாது, பெயரைத் தேட முடியாது.

இதைச் சரிசெய்யப் பாடுபட்டவர்களைத் தமிழர்கள் மறக்கக்கூடாது. 1997-இல் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி முன்னின்று தமிழ்நெட் 97 என்ற மாநாட்டை நடத்தினார். 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு. பேராசிரியர் மு. அனந்தகிருஷ்ணன் போன்றோர் உழைத்த அந்த முயற்சியிலிருந்து தமிழ் 99 விசைப்பலகை வந்தது. அரசு அதைத் தரமாக ஏற்றது. 2010-இல், கோவை செம்மொழி மாநாட்டை ஒட்டி, யூனிகோடு அரசின் எழுத்துத் தரமானது. நீங்கள் இந்தப் பதிவைப் போனில் தமிழிலேயே படிக்க முடிவது யூனிகோடால்தான். ஆனால் அதற்கு முன்பு பல வருடம் பழைய எழுத்துருவில் அடித்து வைத்தவற்றை எழுத்தெழுத்தாக மாற்ற வேண்டியிருந்தது. ஒரு துணைக்கால் தவறினால் "ராமன்" "ரமன்" ஆகிவிடுவார். ராமனுடைய பட்டா ரமனுக்குப் போனால் வங்கியில் கடன் கிடைக்காது.

சிறிய மாவட்டத்தில் பெரிய சோதனை

2006 மே மாதம் மத்திய அரசு தேசிய மின் ஆளுமைத் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. அதில் ஒரு பகுதி மின் மாவட்டத் திட்டம். தமிழ்நாட்டில் முன்னோட்டமாக ஆறு மாவட்டங்களை எடுத்தார்கள். கிருஷ்ணகிரி, கோயம்புத்தூர், நீலகிரி, திருவாரூர், அதோடு நம் பெரம்பலூரும் அரியலூரும். கோவைக்குப் பக்கத்தில் நம் பெயர் வந்ததே என்று எனக்கு அப்போது பெருமை.

ஏன் நம்மை எடுத்தார்கள் என்று யோசித்தால் எனக்குத் தோன்றுவது இதுதான். 2011 கணக்கெடுப்பில் பெரம்பலூர் மாவட்டத்தின் மக்கள்தொகை 5,65,223. மாநிலத்திலேயே குறைவு. அரியலூர் 7,54,894. சின்ன வெங்காயமும் மக்காச்சோளமும் பருத்தியும் விளையும் மானாவாரிப் பூமி ஒரு பக்கம், சுண்ணாம்புக்கல்லும் சிமெண்ட் ஆலையும் மறுபக்கம். பெரிய நகரம் கிடையாது. இங்கே ஓடினால் எந்தக் கிராமத்திலும் ஓடும் என்று நினைத்திருக்கலாம்.

அந்தத் திட்டத்தில் இணையத்துக்கு வந்தவை சாதி, வருமானம், இருப்பிடம், முதல் பட்டதாரி, கணவனால் கைவிடப்பட்ட பெண் ஆகிய சான்றிதழ்கள். இவற்றில் முதல் பட்டதாரிச் சான்றிதழ் பற்றி ஒரு வார்த்தை. குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போகும் பிள்ளைக்குத் தொழிற்கல்வியில் கட்டணச் சலுகை கிடைக்க அது வேண்டும். கலந்தாய்வுக்கு இன்னும் மூன்று நாள் இருக்கும்போது அதற்காக அப்பா கூலி வேலையை விட்டுவிட்டுத் தாலுகா அலுவலகத்தில் நிற்பார். அவர் இழந்தது ஒரு நாள் கூலி மட்டுமா? பஸ் செலவு, ஜெராக்ஸ் செலவு, மனு எழுதுபவருக்குக் கொடுத்தது, "போய் நாளைக்கு வா" என்ற சொல்லைக் கேட்டது. அந்த நடையைக் குறைத்தது ஒரு மென்பொருள். 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் மின் கையொப்பத்துக்குச் சட்ட மதிப்புக் கொடுத்திருந்ததால் இது முடிந்தது. அதை எழுதியவர்களின் பெயர் நமக்குத் தெரியாது. கல்வெட்டில் ஓலை எழுதியவன் பெயர் இருக்கும், இதில் இல்லை.

கர்நாடகத்தில் 2000-ஐ ஒட்டிப் பூமி என்ற திட்டத்தில் 67 லட்சம் விவசாயிகளின் 2 கோடி நில ஆவணங்களைக் கணினியில் ஏற்றி, 177 தாலுகா மையங்களில் 15 ரூபாய்க்கு நகல் கொடுத்தார்கள். கையால் எழுதிய நகல் இனிச் செல்லாது என்றும் அறிவித்தார்கள். இந்தியாவே பாராட்டியது. தமிழ்நாட்டில் தமிழ்நிலம் வந்தது. இன்று பட்டா, சிட்டாவை வீட்டிலிருந்தே பார்க்கலாம். கர்ணத்தின் பெட்டி எல்லோருக்கும் திறந்துவிட்டது. இது சாதாரண விஷயம் இல்லை.

கணினி சொன்னால் சரிதானா?

இனி நான் உங்களிடம் முக்கியமாகச் சொல்ல வந்தது.

இங்கிலாந்தில் தபால் துறை 1999-இல் ஹொரைசன் என்ற கணக்கு மென்பொருளைக் கொண்டுவந்தது. அங்கே சிறு தபால் நிலையங்களை ஊர்க் கடைக்காரர்கள் ஒப்பந்தத்தில் நடத்துவார்கள். அந்த மென்பொருள் பல இடங்களில் இல்லாத பணக்குறைவைக் காட்டியது. "நான் எடுக்கவில்லை" என்று அவர்கள் கதறியதை யாரும் கேட்கவில்லை. கணினி தப்புச் செய்யாது என்று நீதிமன்றமும் எடுத்துக்கொண்டது. 2015-க்குள் 900-க்கும் மேற்பட்டவர்கள் தண்டனை பெற்றார்கள். சிலர் சிறை சென்றார்கள். சிலர் தற்கொலை செய்துகொண்டார்கள். தண்டனை பெற்றவர்களில் இந்தியாவிலிருந்து போய்க் குடியேறிய குடும்பத்தினரும் உண்டு. ஆலன் பேட்ஸ் என்பவர் மற்றவர்களையும் சேர்த்துக்கொண்டு போராடி 2019-இல் வழக்கில் வென்றார். 2024-இல் தனிச் சட்டம் போட்டு அந்தத் தண்டனைகளை நீக்கினார்கள். இருபது வருடம் கழித்து!

அமெரிக்காவில் 2013 அக்டோபர் 1 அன்று மருத்துவக் காப்பீட்டு இணையதளத்தைத் திறந்தபோது முதல் நாளில் பதிவை முடிக்க முடிந்தவர்கள் ஆறு பேர். பணக்கார நாடுகளிலேயே இப்படி என்றால் நம் ஊரில் பிழை வருவதில் ஆச்சரியம் இல்லை. பிழை வந்தால் அதைச் சொல்ல ஓர் இடம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

நம் ஊர் உதாரணத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பாட்டி. பள்ளிக்கூடம் போனதில்லை. ஊரில் அவர் பெயர் பாப்பா. வாக்காளர் பட்டியலில் பாப்பாத்தி. ரேஷன் கார்டில் பாப்பாயி. பட்டாவில் பாப்பம்மாள். நால்வரும் ஒருவரே என்று கர்ணத்துக்குத் தெரியும், தபால்காரருக்குத் தெரியும், எனக்குத் தெரியும். கணினிக்கு நான்கு பேர். 2017 ஏப்ரலில் ஸ்மார்ட் கார்டு வந்தபோது எத்தனை வீடுகளில் இந்தப் பிரச்சினை! தமிழனுக்குக் குடும்பப் பெயர் கிடையாது, தலைப்பெழுத்துதான். ஆனால் படிவம் "முதல் பெயர், கடைசிப் பெயர்" என்று கேட்கும். அப்பா பெயரைக் கடைசிப் பெயராகப் போட்ட பிள்ளையை வெளிநாட்டில் அப்பா பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள்.

இதில் எங்கள் ஆசிரியர் இனத்துக்கும் பங்கு உண்டு. கையைத் தலைக்கு மேல் சுற்றி மறுகாதைத் தொட்டால் ஐந்து வயது என்று பிள்ளையைச் சேர்த்துக்கொண்டு, ஜூன் மாதத்தில் ஒரு பிறந்த தேதி எழுதிய காலம் இருந்தது. அந்தத் தேதிதான் இன்று உங்கள் தாத்தாக்களின் ஆதாரில் இருக்கிறது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பென்றால் வீடு வீடாகப் போவதும் நாங்கள்தான். 1991, 2001, 2011. கதவைத் தட்டி, நாய்க்குப் பயந்து, வெயிலில் நின்று எழுதிய அந்தத் தாள்தான் கணினிக்கு முதல் படி. "அம்மா பேரு என்ன?" என்று கேட்டால், "பேரு எதுக்கு சார், அவ வீட்டுலதான இருக்கா" என்று பதில் வரும். விடாமல் கேட்டு எழுதினால்தான் அந்த அம்மா அரசாங்கத்தின் கண்ணில் படுவார். அலட்சியமாக எழுதினால் எந்தப் பெரிய கணினியாலும் அதைச் சரிசெய்ய முடியாது.

மென்பொருள் வேலையில் இருக்கும் பிள்ளைகளுக்கு

உங்களில் சிலர் அரசாங்கத் திட்டங்களில் வேலை செய்கிறீர்கள். வெளிநாட்டு வங்கிக்கு வேலை செய்பவன் சம்பாதிப்பதைவிடக் குறைவாகச் சம்பாதிக்கிறீர்கள் என்று வீட்டில் குறைப்படுவதும் எனக்குத் தெரியும். நீங்கள் உட்கார்ந்திருப்பது ஓலை நாயகத்தின் இடத்தில், கர்ணத்தின் இடத்தில். கர்ணம் தப்பு எழுதினால் ஓர் ஊர் பாதிக்கும். நீங்கள் ஒரு வரி தப்பாக எழுதினால் முப்பத்தெட்டு மாவட்டமும் பாதிக்கும். கர்ணத்தை ஊரார் திண்ணையில் போய்ப் பார்த்துவிடலாம். உங்களை யாரும் பார்க்க முடியாது.

ஆகையால் உங்கள் பழைய வாத்தியார் நாலு விஷயம் கேட்டுக்கொள்கிறேன்.

ஒன்று, பழைய கணக்கை அழிக்காதீர்கள். புது முறை வந்த பிறகும் மூலக் காகிதத்தின் படமும், யார் எப்போது எதை மாற்றினார் என்ற விவரமும் இருக்கட்டும். சோழர் ஓலையிலேயே கூட இருந்தவர்கள் எல்லோரும் பெயர் எழுதினார்கள்.

இரண்டு, திருத்தம் கேட்கும் வழியை முதல் பக்கத்திலேயே வையுங்கள். விண்ணப்பிக்க ஒரு பொத்தான், திருத்த ஆறு மாத அலைச்சல் என்றால் அது நியாயமில்லை.

மூன்று, நிரல் எழுதும் முன் ஒரு நாள் ஏதாவது இ-சேவை மையத்தில் போய் உட்காருங்கள். ஒரு ஜமாபந்திக்குப் போங்கள். எந்தக் கட்டத்தில் மக்கள் தடுமாறுகிறார்கள் என்று அரைமணி நேரத்தில் தெரிந்துவிடும்.

நான்கு, "சிஸ்டம் ஏத்துக்கலை" என்ற சொல்லோடு எந்த மனுவும் முடியக்கூடாது. கணினி மறுத்தால், ஒரு மனிதர் பார்த்து முடிவு சொல்ல இடம் வையுங்கள். ரேகை தேய்ந்துபோன விரலோடு வரும் களையெடுப்புக்காரப் பெண்ணுக்கு வேறு வழி என்ன என்று நீங்கள் முன்கூட்டியே யோசித்திருக்க வேண்டும்.

உறவினர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வீட்டுப் பெட்டியில், பரணில், பழைய பட்டாப் புத்தகம், கிஸ்தி ரசீது, கிரயப் பத்திரம் எது இருந்தாலும் பழைய காகிதம் என்று எடைக்குப் போட்டுவிடாதீர்கள். போனில் தெளிவாகப் படம் எடுத்து வையுங்கள். இணையத்தில் உங்கள் சர்வே நம்பரை ஒருமுறை திறந்து, பெயரும் பரப்பும் உட்பிரிவும் காகிதத்தோடு ஒத்துப்போகிறதா என்று இந்த வாரமே பாருங்கள். ஒரு ஹெக்டேர் என்பது 2.47 ஏக்கர். பெருக்கிப் பாருங்கள், வாய்ப்பாடு மறந்திருக்காது என்று நம்புகிறேன். தப்பு இருந்தால் பெரியவர்கள் உயிரோடு இருக்கும்போதே மனுக் கொடுங்கள். எந்த வரப்பு யாருடையது என்று சொல்லக்கூடியவர்கள் இன்னும் சில பேர்தான் இருக்கிறார்கள்.

உங்கள் குடும்பத்தில் யாராவது கர்ணமாகவோ, தலையாரியாகவோ, வெட்டியானாகவோ, சர்வேயராகவோ இருந்திருந்தால் அவர்களிடம் கேட்ட செய்திகளைக் கீழே எழுதுங்கள். எல்லோரும் படிக்கட்டும். எழுத்துப்பிழை இருந்தாலும் பரவாயில்லை, இப்போது மதிப்பெண் குறைக்கமாட்டேன்.

அன்புடன்,
உங்கள் வாத்தியார்